பூடாவின் வெள்ளை இரும்பு

வார்ப்பிரும்பை உடைத்துப் பார்த்தால் இரண்டு நிறங்களில் ஒன்று தெரியும். முறிந்த இடம் சாம்பலாக இருந்தால் உள்ளிருக்கும் கரி கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து நிற்கிறது என்று பொருள், துளையிடலாம், கடையலாம். வெள்ளியைப் போல வெளுத்திருந்தால் அதே கரி இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கார்பைடு ஆகிவிட்டது. அரம் வழுக்கும், சம்மட்டி பட்டால் தெறிக்கும். இரண்டிலும் இருப்பது மூன்று சதவீதச் சொச்சம் கரிதான். சிலிக்கான் போதுமான அளவு இருந்து நிதானமாக ஆறினால் சாம்பல். சிலிக்கான் குறைந்து சட்டென்று ஆறினால் வெள்ளை.

நெடுங்காலம் பல வார்ப்பாலைகளுக்கு இந்த வெள்ளை ஒரு தலைவலி. பிரான்சின் ரெயோமூர் 1722-இல் வெளியிட்ட நூலில், வெள்ளை வார்ப்புகளை இரும்புத் தாதுப் பொடிக்குள் புதைத்து நாள்கணக்கில் சூடேற்றி மென்மையாக்கும் வழியை விளக்கினார். அமெரிக்காவின் நியூவர்க்கில் சேத் பாய்டன் 1826-இல் வேறொரு வழியில் அதையே சாதித்தார். இருவரும் பாடுபட்டது கடினத்தைப் போக்கத்தான். அந்தக் கடினமே வேண்டும் என்று கேட்டு வந்தது ரயில்.

ரயில் சக்கரத்துக்கு ஒரே உடம்பில் இரண்டு குணம் வேண்டும். தண்டவாளத்தில் உருளும் விளிம்பு தேயக் கூடாது. இருசு நுழையும் குடமும் நடுத்தட்டும் அதிர்ச்சியில் உடையக் கூடாது. மணல் அச்சின் வெளிச்சுற்றில் மட்டும் கனமான இரும்பு வளையம் ஒன்றை வைத்தார்கள். பவுண்டரிகளில் இதற்குப் பெயர் சில். உருகிய இரும்பு அதைத் தொட்டதும் சூட்டை இழந்து விளிம்பு மட்டும் வெளுத்தது. மணலை ஒட்டிய மற்ற பகுதி மெதுவாக ஆறிச் சாம்பலாயிற்று. ஆனால் வேறொரு வம்பு முளைத்தது. விளிம்பு முதலில் இறுகிவிட, பிறகு ஆறிய குடம் சுருங்கி அதை உள்ளே இழுத்தது. எந்தப் பாரமும் ஏற்றாமலே விரிசல் விட்ட சக்கரங்கள் உண்டு. பிலடெல்பியாவின் ஆசா விட்னி 1848-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்: சக்கரத்தைச் செந்தணலாக இருக்கும்போதே அச்சிலிருந்து எடுத்து, சூடேற்றிய குழியில் அடுக்கி மூடி, நாள்கணக்கில் ஆறவிடுவது. கலவையில் ஒரு குன்றிமணி மாற்றமில்லை. மாறியது ஆறும் வேகம் மட்டுமே.

ஐரோப்பாவில் இந்தத் தொழிலின் பெயர் கான்ஸ். சுவிட்சர்லாந்தில் 1814-இல் பிறந்த ஆபிரகாம் கான்ஸ், ஊர் ஊராகப் பவுண்டரி வேலை பார்த்தபடி 1841-இல் பெஸ்ட் நகருக்கு வந்தவர். அங்கே உருளை ஆலை ஒன்றின் வார்ப்புக்கூடத்தில் வேலை பார்க்கும்போது உருகிய இரும்பு தெறித்து ஒரு கண் போயிற்று. சில ஆண்டுகளில் ஆற்றுக்கு அக்கரையில், அப்போது தனி ஊராக இருந்த பூடாவில், சொந்த வார்ப்பாலை தொடங்கினார். 1848–49 ஹங்கேரியப் புரட்சிப் படைக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்ததற்காக ராணுவ நீதிமன்றத்தின் முன் நிற்கவும் நேர்ந்தது.

1850-களின் நடுவில் அவர் ரயில் சக்கரத்தில் இறங்கினார். இரும்பு வளையத்தின் உட்புறத்தில் ஆன்டிமனிப் பொடியைப் பூசியதுதான் அவருடைய நுட்பம். ஆன்டிமனி கார்பைடுக்குத் துணைபோகும் தனிமம். சொற்ப அளவே போதும். வேகமான குளிர்ச்சியோடு, தோலில் மட்டும் படும் கலப்பும் சேர்ந்து வேலை செய்தது. அது பலித்ததை விற்பனையே சொல்கிறது: 1866 வரை 59 ரயில் நிறுவனங்கள், 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சக்கரங்கள். லட்சமாவது சக்கரத்தை 1867 நவம்பரில் விழா எடுத்து வார்த்தார்கள். அடுத்த மாதமே கான்ஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஆலையை முன்னெடுத்தவர் பவேரியாவிலிருந்து வந்த பொறியாளர் ஆந்த்ராஷ் மெச்வார்ட். சக்கரத்துக்குப் பயன்பட்ட அதே வெளுத்த தோலை அவர் 1874-இல் மாவு அரைக்கும் உருளைக்குக் கொண்டுபோனார். அதுவரை கோதுமை பெரும்பாலும் கல்லில்தான் அரைபட்டது. தேய்ந்த கல்லை அம்மி கொத்துவதுபோல அடிக்கடி கொத்த வேண்டும், கல்தூளும் மாவில் கலக்கும். மெச்வார்டின் சாய்வரி வெட்டிய உருளைகளோ வரி மழுங்காமல் நீண்ட காலம் ஓடின. இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்துத் தவிட்டை நொறுக்காமல் பிரிக்க முடிந்தது, மாவு வெளுத்தது. மினியாபொலிஸ் நகரின் வாஷ்பர்ன் மாவு ஆலை 1878 மே 2-ஆம் தேதி வெடித்து 18 பேர் இறந்தபின், அதை மீண்டும் கட்டவிருந்த பொறியாளர் வில்லியம் டி லா பார், கூலியாள் வேடத்தில் புடாபெஸ்ட் ஆலை ஒன்றில் நுழைந்து உருளைகளைப் பார்த்து வந்தார் என்பார்கள். நம் பரோட்டாவுக்கான மைதாவும் இத்தகைய உருளைகளுக்கு இடையே பிறப்பதுதான்.

அதே காலத்தில் ஜெர்மனியின் மாக்டபர்க்கில் ஹெர்மன் குரூசன் வெள்ளைத் தோல் வார்ப்பில் கோட்டைக் கவசமே செய்தார். 1886-இல் இத்தாலியின் லா ஸ்பெட்சியாவில் 100 டன் பீரங்கி அந்தக் கவசத்தை மூன்று முறை தாக்கியும் துளைக்கவில்லை.  

இந்த முறைக்கு ஓர் எல்லை இருந்தது. குளிர்ச்சி எட்டும் ஆழம்வரைதான் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளும் கார்பைடுகளுக்கு நடுவே கிடப்பது பெர்லைட் என்ற ஒப்பளவில் மெத்தென்ற பகுதி. சுரங்கத் தாதுவையும் மணலையும் அரைக்கும்போது அது முதலில் தேய்ந்து பள்ளமாகிறது. பிடிமானம் இழந்த கார்பைடு ஒடிந்து விழுகிறது. சிமென்டைட்டின் கடினம் விக்கர்ஸ் அளவில் சுமார் 1000. குவார்ட்ஸ் மணலும் ஏறக்குறைய அவ்வளவே. சமபலச் சண்டை.

முதல் உலகப்போர் முடிந்ததும் ஆயுதத் தேவை விழுந்து, நிக்கலுக்கு வாங்குவோர் இல்லாமல் போயினர். புதுச் சந்தை தேடிய இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனம் 1920-களின் இறுதியில் நி-ஹார்டு என்ற கலவையைக் கொண்டுவந்தது: சுமார் 4 சதவீதம் நிக்கல், 2 சதவீதம் குரோமியம். நிக்கல் பெர்லைட் உருவாவதைத் தடுத்து, அந்த இடத்தில் கடினமான மார்ட்டன்சைட் வரச் செய்யும். ஆனால் நிக்கலுக்கு ஒரு கெட்ட பழக்கம், கரியைக் கிராஃபைட் பக்கம் தள்ளும். அதை அடக்கத்தான் குரோமியம். பிறகு 200 முதல் 300 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து உள் இழுவிசையைத் தணிப்பார்கள்.

இரண்டாம் உலகப்போரில் குரோமியத்துக்குத் தட்டுப்பாடு. அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கீத் மில்லிஸ் மாற்றுத் தனிமம் தேடி, 1943-இல் மெக்னீசியத்தைச் சேர்த்துப் பார்த்தார். அந்தத் தேடலின் வழியில் கிராஃபைட் செதில்களாக இல்லாமல் உருண்டைகளாகத் திரண்ட இரும்பு கிடைத்தது. இப்படித்தான் வளைந்து கொடுக்கும் டக்டைல் வார்ப்பிரும்பு பிறந்தது. இன்றைய குடிநீர்க் குழாய்கள் பலவும் அதுதான். தேடியது ஒன்று, கிடைத்தது அதற்கு நேர் எதிர்.

மணலை வென்றது குரோமியமே. 12 சதவீதத்தைத் தாண்டினால் கார்பைடின் வகையே மாறுகிறது; கடினம் 1200-இலிருந்து 1800 வரை எட்டுகிறது. பழைய சிமென்டைட் வலைபோலப் பின்னிக்கிடந்து விரிசலுக்கு வழிவிட்டது. புதியது தனித்தனிக் குச்சிகளாக நிற்பதால் வார்ப்பு அவ்வளவு எளிதில் பிளப்பதில்லை. இருந்தும் வார்த்த நிலையில் கார்பைடுகளைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் ஆஸ்டனைட் என்ற, மார்ட்டன்சைட்டைவிட மெத்தென்ற பகுதி. வார்ப்பை 950 முதல் 1050 டிகிரி வரை சூடேற்றிப் பல மணி நேரம் வைத்தால், ஆஸ்டனைட்டில் கரைந்திருந்த கரியும் குரோமியமும் நுண்ணிய கார்பைடுகளாக வெளியேறுகின்றன. கரி குறைந்த அந்தப் பகுதி காற்றில் ஆறும்போதே மார்ட்டன்சைட் ஆகிறது. சூடு மிஞ்சினால் கரி மறுபடி கரைந்து ஆஸ்டனைட் தங்கிவிடும். குறைந்தால் மார்ட்டன்சைட்டுக்கே போதிய கரி கிடைக்காது. தடித்த வார்ப்புகளில் நடுப்பகுதி மெதுவாக ஆறிப் பெர்லைட்டாகிவிடும் என்பதால் மாலிப்டினமும் சேர்க்கிறார்கள். விலை ஏறும். சிமென்ட் ஆலையின் அரைவைக் குண்டுக்கு அது அநேகமாகத் தேவைப்படாது; கனத்த நொறுக்கிச் சுத்தியலுக்குத் தேவைப்படலாம். அந்தச் சுத்தியலை உலையில் வைத்ததும் அவசரப்பட்டுத் தீயைக் கூட்டக் கூடாது. நன்கு சிவக்கும்வரை மெல்ல ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கடினம் வருவதற்கு முன்பே விரிசல் வந்துவிடும்.