தாடியில் விழுந்தவர், டப்பாவில் எழுந்தார்

1860. அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நேரம். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கல்லச்சுக்கூடம் தொடங்கியிருந்த மில்டன் பிராட்லி, வேட்பாளர் ஆபிரகாம் லிங்கனின் படத்தை அச்சிட்டார். நன்றாகவே விற்றது. ஆனால் படத்தில் இருந்தது மழமழவென்று சவரம் செய்த முகம். லிங்கனோ தாடி வளர்த்துவிட்டார்! மிச்சமிருந்த கட்டுகளை வாங்க ஆளில்லை.

இயந்திரம் சும்மா நின்றால் அச்சுக்காரருக்குச் சோறு இல்லை. பிராட்லி ஒரு விளையாட்டு அட்டையை அச்சிட்டார். 64 கட்டங்கள். குழந்தைப் பருவத்தில் தொடங்கி, 'மகிழ்ச்சியான முதுமை'யை நோக்கிக் காயை நகர்த்த வேண்டும். அந்தக் கட்டத்துக்கு 50 புள்ளிகள். முதலில் 100 சேர்ப்பவருக்கு வெற்றி. வழியில் சிறை உண்டு, தற்கொலைகூட உண்டு. நம் பரமபதத்தில் பாம்பு கடித்தால் கீழே இறங்கி மறுபடி ஏறலாம். இங்கே தற்கொலைக் கட்டத்தில் காய் விழுந்தால் ஆட்டமே முடிந்தது. குழந்தைகள் ஆடும் அட்டையில் இப்படியொரு கட்டம்!

இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட அந்தக்காலப் பெற்றோர், பகடையைப் பொறுக்கவில்லை. அது சூதாடிகளின் சாமான். ஆகவே பிராட்லி, எண் போட்ட ஆறுபட்டைப் பம்பரம் ஒன்றைக் கொடுத்தார். விழுவது அதே ஒன்று முதல் ஆறுதான்; வீட்டுக்குள் மட்டும் அனுமதி கிடைத்துவிட்டது. முதல் ஆண்டிலேயே 45,000 பிரதிகள் போயின.

1867-ல் இன்னொரு லிங்கன் வந்தார். வில்லியம் லிங்கன். அதிபருக்கு உறவில்லை. அவர் காப்புரிமை பெற்ற 'ஸோயட்ரோப்' என்ற சுழல் டப்பாவை பிராட்லி விற்பனைக்குக் கொண்டுவந்தார். மூடியில்லாத டப்பா, பக்கவாட்டில் மெல்லிய பிளவுகள். ஓட்டத்தின் ஒவ்வொரு நிலையையும் வரிசையாக வரைந்த காகிதப் பட்டையை உள்ளே வளைத்து வைத்துச் சுழற்றிவிட்டு, பிளவு வழியாகப் பார்த்தால் குதிரை ஓடும். பிளவுகள் இல்லையென்றால் படங்கள் குழம்பிக் கலங்கலாகத்தான் தெரியும்.

யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வில்லியம் ஹார்னர் 1834-லேயே இதை விவரித்திருந்தார். ஆனால் அவருடையதில் பிளவுகள் படங்களுக்கு இடையில் இருந்தன. லிங்கன் அவற்றைப் பட்டைக்கு மேலே ஏற்றினார். அதனால் பட்டையை எடுத்து வேறொன்றை மாட்டலாம். பொம்மை அச்சுக்காரரின் கைக்கு வந்தது இந்த இடத்தில்தான். டப்பாவை ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான் விற்க முடியும். பட்டைகளை விற்றுக்கொண்டே இருக்கலாம்.

இப்படிச் சம்பாதித்த பணத்தை பிராட்லி, கூட்டாளிகள் முணுமுணுக்க, கிண்டர்கார்டன் சாமான்களில் கொட்டினார். அந்தக் கதை அடுத்த வாரம்.