ஹைட்ரஜனைத் தின்றது யார்? உணவுக் கழிவு நொதித்தலின் வரலாறு

சாண எரிவாயுக் கலனுக்குள் ஹைட்ரஜன் உண்டாகிறது. ஆனால் குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேனும் கரியமில வாயுவும்தான். இடையில் அந்த ஹைட்ரஜன் எங்கே போயிற்று? உணவுக் கழிவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் முயற்சியின் வரலாற்றை இந்தக் கேள்வியின் வழியே வாசிக்கிறது இக்கட்டுரை. ஹைட்ரஜனைத் தரும் நுண்ணுயிரி என்றோ கிடைத்துவிட்டது. அதைத் தின்னும் நுண்ணுயிரியை விலக்குவதுதான் பெரும்பாடாயிற்று.

பியூட்ரிக் நொதித்தலை நிகழ்த்துபவை காற்றின்றி வாழும் உயிரிகள் என்று 1861இல் லூயி பாஸ்டர் அறிவித்தார். அந்நொதித்தலில் ஹைட்ரஜனும் வெளிவரும். முதல் உலகப் போரின்போது வெடிமருந்துக்கான அசிட்டோனுக்காகக் கைம் வைஸ்மன் மாவுச்சத்தைக் குளோஸ்ட்ரிடியம் பாக்டீரியா கொண்டு நொதிக்கவைத்தார். அங்கும் ஹைட்ரஜன் வெறும் உபவிளைவே. 1931இல் கேம்பிரிட்ஜின் மார்ஜரி ஸ்டீஃபன்சனும் லியோனார்ட் ஸ்டிக்லண்டும் ஹைட்ரஜனைக் கையாளும் நொதிக்கு ‘ஹைட்ரஜனேஸ்’ என்று பெயரிட்டனர். ஸ்டீஃபன்சனை இந்த வழிக்கு இழுத்தது, சர்க்கரை ஆலைக் கழிவால் நுரைத்துக் கிடந்த ஊஸ் ஆறு.

திருப்பம் 1967இல் வந்தது. மெத்தனோபேசிலஸ் ஓமெலியான்ஸ்கி என்ற ஒரே உயிரிதான் எத்தனாலை மீத்தேனாக்குகிறது என்று அதுவரை நம்பினார்கள். பிரயன்ட், வோலின் என்ற பெயருடைய இருவர், வோல்ஃப் ஆகிய நால்வரும் அது ஓருயிரி அல்ல, ஈருயிர்க் கூட்டு என்று காட்டினர்: ஒன்று ஹைட்ரஜனை வெளிவிட, மற்றது அதை உண்டு மீத்தேனாக்குகிறது. திருடன் பிடிபட்டான்.

அவனை வெளியேற்றும் வழி கொள்கையளவில் எளிதே. குளோஸ்ட்ரிடியம் வித்துறை கட்டி வெப்பத்தைத் தாங்கும். மீத்தேன் நுண்ணுயிரிக்கு அந்தக் கவசம் இல்லை. எனவே நொதித்தலைத் தொடங்க இடும் விதைச் சேற்றைக் கொதிக்கவைத்து, அமிலத்தன்மையை pH 5.5 அளவில் நிறுத்தி, கழிவைக் கலனில் நெடுநேரம் தங்கவிடாமல் வெளியேற்றினார்கள். ஆனால் சமையலறைக் கழிவு வெறுங்கையோடு வருவதில்லை. தயிரையும் இட்லி மாவையும் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா வகையினர் அதிலேயே குடியிருந்து சர்க்கரையில் பங்கு கேட்கிறார்கள்.

இன்னொரு வரம்பும் உண்டு. 1977இல் தாவர் என்ற ஆய்வாளரும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த கணக்குப்படி, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு அசிட்டிக் அமில வழியில் அதிகபட்சம் 4 ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் பியூட்ரிக் வழியில் 2 மட்டுமே தரும். முழுமையாகச் சிதைந்தால் 12 கிடைக்க வேண்டும். எஞ்சியது அமிலமாகக் கலனிலேயே தங்கிவிடுகிறது.

சென்னைத் தரமணியின் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தார் 2008இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. சமையல் கழிவல்ல, வடிசாலைக் கழிவுநீர். 100 கன மீட்டர் கலன். 40 மணி நேரத்தில் 21.38 கிலோ ஹைட்ரஜன். சுத்திகரிப்பில் இழப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் கொப்பரை சுமார் நான்கு ஹைட்ரஜன் கார்களின் தொட்டியைத்தான் நிரப்பும். அளவில் பெரிய சாதனை. எரிபொருள் சந்தைக்குச் சிறிது.

கலனில் எஞ்சும் அமிலத்தைப் பயன்படுத்தவும் வழி உண்டு. உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் கொட்டுவதற்குத் தென்கொரியா 2005இல் தடை விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டே அந்நாட்டின் ஹான், ஷின் இருவரும் இரண்டு கட்ட முறையை வெளியிட்டிருந்தனர். முதல் கட்டத்தில் ஹைட்ரஜன். மிஞ்சும் அமிலம் அடுத்த கட்டத்தில் மீத்தேனாகிறது. முன்வாசலில் துரத்தப்பட்ட நுண்ணுயிரிக்கு அங்கே வேலை கிடைத்தது. ஒரு குளுக்கோஸிலிருந்து 4 மூலக்கூறு ஹைட்ரஜன் கிடைத்தாலும், உடன் விளையும் 2 மூலக்கூறு மீத்தேனின் ஆற்றலே கூடுதல்.