இணைப்பி: கம்பைலரிலும் இன்டர்பிரெட்டரிலும்

லிங்கர் எனப்படும் இணைப்பி, தனித்தனியே எழுதப்பட்ட நிரல் பகுதிகளைச் சேர்த்து, அவற்றிலுள்ள பெயர்களுக்கு நினைவக முகவரிகளைப் பொருத்தும் மென்பொருள். கம்பைல் செய்த நிரலுக்கே இணைப்பு உண்டு, இன்டர்பிரெட்டருக்கு அது தேவையில்லை என்பது பரவலான கருத்து. வரலாறு இதை ஏற்கவில்லை. பெயரைப் பொருளோடு பொருத்தும் வேலை இரண்டிலும் நடக்கிறது. அது எப்போது நடக்கிறது, பிறகு மாற்றத்துக்கு இடமுண்டா என்பதில்தான் வேறுபாடு.

1949இல் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினிக்கு டேவிட் வீலர் எழுதிய தொடக்க ஆணைகள், துணைநிரல்களை ஏற்றும்போதே அவற்றின் முகவரிகளைத் திருத்தின. கிரேஸ் ஹாப்பர் 1952இல் யூனிவாக்குக்காக உருவாக்கிய ஏ-0, கம்பைலர் என அழைக்கப்பட்டாலும் பெரும்பாலும் இணைப்பியின் வேலையைத்தான் செய்தது. 1958இல் வந்த ஃபோர்ட்ரான் II, துணைநிரல்களைத் தனித்தனியே கம்பைல் செய்ய வழிவிட்டது. அவற்றை ஒன்றுசேர்ப்பது தனி வேலையானது. அதே காலத்தில் ஜான் மெக்கார்த்தி வடிவமைத்த லிஸ்ப் மொழியிலோ, நிரல் ஓடும்போதும் பெயர் பெயராகவே நின்றது. பைத்தானும் இவ்வழியைச் சேர்ந்ததே. இல்லாத செயற்கூறை அழைத்தால், அந்த வரி ஓடும்வரை பைத்தானில் பிழை வெளிப்படாது. சி மொழியில் இணைப்பி அதை முன்னரே பிடித்து நிறுத்திவிடும்.

1960களின் மல்டிக்ஸ் இயங்குதளம், கம்பைல் செய்த நிரலையும் முதல் அழைப்பின்போதுதானே இணைத்தது என்று மறுக்கலாம். உண்மைதான். லினக்ஸின் பகிர்வு நூலகங்களிலும் அந்த முறை உண்டு. ஆனால் அங்கே கண்டறிந்த முகவரி ஓர் அட்டவணையில் எழுதப்பட்டு, அடுத்த அழைப்புகள் நேரே அந்த முகவரிக்குச் செல்கின்றன. பைத்தானில் செயற்கூறை மறுவரையறை செய்தால் அடுத்த அழைப்பே புதியதை எடுத்துக்கொள்ளும். கம்பைல் செய்த நிரலும் இன்டர்பிரெட்டரில் ஓடும் நிரலும் கலக்கும் ஜிஎச்சிஐ, அதாவது ஹாஸ்கெல் மொழியின் இன்டர்பிரெட்டர், இந்த வேறுபாட்டுக்கு நல்ல சான்று: அதில் இன்டர்பிரெட்டர் பகுதி கம்பைல் செய்த பகுதியைச் சார்ந்திருக்கலாம், கம்பைல் செய்த பகுதி இன்டர்பிரெட்டர் பகுதியைச் சார்ந்திருக்க முடியாது.

தாமதமான இணைப்பு பிழையை மறைக்கிறது என்ற குறை நியாயமானது. பாதுகாப்பு கருதி, பல லினக்ஸ் நிரல்கள் தொடக்கத்திலேயே முகவரிகளை எல்லாம் பொருத்தி அட்டவணையைப் பூட்டிவிடுகின்றன. ஆயினும் ஓடும் நிரலைத் திருத்திப் பார்க்கும் வசதி அந்தத் தாமதத்தால்தான் கிடைக்கிறது. முன்கூட்டிய உறுதி வேண்டுமா, ஓடும்போதே மாற்றும் வசதி வேண்டுமா என்பதைப் பயன்பாடே தீர்மானிக்க வேண்டும்.