என்ன எழுதினான்?

சேரிக்குள் போலீஸ் வண்டி வந்து போனால் தெருவில் எழும் முதல் கேள்வி, 'யாரைத் தூக்கிட்டுப் போனான்?' என்பது. இரண்டாவது, 'எங்க வச்சிருக்கான்?' மூன்றாவது கேள்வியை விடிந்த பிறகு வக்கீல்தான் கேட்கிறார்: 'என்ன எழுதினான்?' அதற்குள் எழுதவேண்டியதை எழுதி முடித்திருப்பார்கள். ஸ்டேஷன் ஏட்டை நாம் படிக்கிற வழக்கம் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. அந்த ஏடு நம்மைப் பற்றி எழுதப்பட்டது, நமக்காக எழுதப்படவில்லை.

1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் போதும். பெயரும் கைரேகையும் பதிவேட்டில் ஏறும். அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தான். குறவர்கள், தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையர்கள், பிரமலைக் கள்ளர்கள் என்று பல சனங்கள் இதில் சிக்கினார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947-ல் அந்தச் சட்டம் போனது. மறு வருஷமே, 1948-ல், வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சாதியின் பெயரை எடுத்துவிட்டு ஆளின் பெயரை எழுதினார்கள். பேரேடு அப்படியே இருந்தது. இன்றைக்கு ஸ்டேஷனில் இருக்கும் ஹிஸ்டரி ஷீட்டும் ரவுடி ஷீட்டும் அந்த வம்சம்தான்.

எழுதியது ஒரு கொடுமை என்றால், எழுதாமல் விட்டது அதைவிடப் பெரிய கொடுமை. 1993-ல் முதனை கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணுவைத் திருட்டுக் கேஸ் என்று சொல்லிக் கம்மாபுரம் போலீஸ் பிடித்துப்போனது. 'தப்பிச்சு ஓடிட்டான்' என்றது ஸ்டேஷன். அவர் மனைவி விடவில்லை. கே. சந்துரு வக்கீலாக நின்று உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அடுத்த மாவட்டத்தில் அனாதைப் பிணம் என்று பதிவான உடல் ராஜாக்கண்ணுவுடையது என்று வெளியே வந்தது. ஒரு ஸ்டேஷன் ஏட்டில் ஓடிப்போனவன், இன்னொரு ஸ்டேஷன் ஏட்டில் பெயரில்லாத பிணம். இரண்டு ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை பிடிபட்டது. 2006 வரை இழுத்த வழக்கில் போலீஸ்காரர்கள் தண்டனை பெற்றார்கள்.

இப்படி நாடு முழுக்க லாக்கப்பில் செத்தவர்களின் கணக்கிலிருந்துதான் டி.கே. பாசு தீர்ப்பு பிறந்தது. 1986-ல் மேற்கு வங்கத்துச் சட்ட உதவி அமைப்பின் தலைவர் பாசு எழுதிய ஒரு கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டு, 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்புச் சொன்னது. கைது செய்யும்போதே கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும். குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். 12 மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போய், அறிவிப்புப் பலகையில் தெரிய வேண்டும். பிறகு இது சட்டப் பிரிவாகவே ஆனது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. ஆகவே ஸ்டேஷனில் 'அப்படி யாரும் இங்க இல்ல' என்றால் அடுத்து போகவேண்டிய இடம் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

முதல் தகவல் அறிக்கையைத் தேடுவதும் இப்போது எளிது. 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், எப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்றச் சொன்னது. தொடர்பு வசதி இல்லாத இடத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவை விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், எண் கொடுத்துப் பார்க்கலாம். தளத்தில் இல்லையென்றாலும் குற்றம்சாட்டப்பட்டவர் சார்பில் மனு கொடுத்தால் போலீஸ் 24 மணி நேரத்தில் நகல் தரவேண்டும். கோர்ட்டில் கேட்டால் இரண்டு வேலை நாளில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தவருக்கு, எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும், நகலை உடனே இலவசமாகத் தரவேண்டும். வாசித்துக் காட்டாமல் 'இங்க ஒரு கையெழுத்துப் போடுப்பா' என்றால் போடாதீர்கள்.

எதிர்வழக்கையும் அப்போதே தேட வேண்டும். 1968 டிசம்பர் 25 வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்கு ஒரு வழக்கு; அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் கொலையானதற்குத் தொழிலாளர்கள் மேல் இன்னொரு வழக்கு. தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973-ல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவன் பெயரிலேயே கேஸ் இருப்பது இன்றைக்கும் நடக்கிறது. நம் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் பார்த்துவிடுங்கள்.

வாரண்ட் வேறு விதமான கண்ணி. கூலி வேலைக்குத் திருப்பூரோ கேரளாவோ போனவன் வாய்தாவுக்கு வராவிட்டால் பிடிவாரண்ட் பிறக்கிறது. அதற்கு வயசாகிச் சாவதில்லை. போட்ட கோர்ட் ரத்து செய்யும்வரை, அல்லது ஆளைப் பிடிக்கும்வரை உயிரோடிருக்கும். பத்து வருஷம் கழித்துக் கல்யாண வீட்டிலும் பிடிப்பார்கள். யார் மேல் வாரண்ட் இருக்கிறது என்று ஊரறிய ஒட்டும் பட்டியல் நம் நாட்டில் இல்லை. ஆனால் வழக்கு விவரம் பொதுவில் இருக்கிறது. இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயர், எப்.ஐ.ஆர். எண், வழக்கு எண், 16 இலக்க சி.என்.ஆர். எண் என எதைக் கொண்டும் தேடலாம். பெயரை ஸ்டேஷனில் எப்படியெல்லாம் இங்கிலீஷில் எழுதியிருப்பான் என்று நாலு விதமாகப் போட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்தக் கோர்ட் அலுவலகத்தில் வக்கீல் மூலம் விசாரித்து, நகல் மனு போட்டு உத்தரவை வாங்கலாம். வாரண்ட் இருந்தால் ஓடுவதைவிட, வக்கீலோடு போய் ஆஜராகி ரத்து செய்ய மனுப் போடுவதே நல்லது. பிடிக்க வருகிறவரிடம் 'வாரண்டைக் காட்டுங்க' என்று கேட்கலாம். கேட்டால் காட்டியாக வேண்டும்.

பதிவேடு பொதுவில் இருப்பது நமக்கு எதிராகவும் திரும்பும். விடுதலையான பையனின் பெயர் தளத்தில் கிடக்கும், வேலை போகும். 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட மக்கள் மேல் யோசனையில்லாமல் ஹிஸ்டரி ஷீட் திறப்பதைக் கண்டித்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்கில், சிறைப் பதிவேட்டில் சாதிப் பத்தியையே நீக்கச் சொன்னது. 1871-ல் கோர்ட் கேட்கக் கூடாது என்றிருந்த கேள்வி, கோர்ட்டுக்குள் வர 153 வருஷம் ஆகியிருக்கிறது.

தொண்ணூறுகளில் ஆளைத் தூக்கியதும் கலெக்டருக்கும் நீதிபதிக்கும் தந்தி அடிப்போம். தந்தி ரசீதில் இருக்கும் நேரம்தான் நம் கையில் இருந்த ஒரே சாட்சி. 2013 ஜூலையில் தந்தியும் நின்றுபோனது. இப்போது மின்னஞ்சல், ஸ்பீட் போஸ்ட். அதோடு தெருவுக்கு ஒரு நோட்டு வையுங்கள். வண்டி எண், வந்த நேரம், வந்தவர் பெயர், கைதுக் குறிப்பில் கையெழுத்துப் போட்டது யார், எப்.ஐ.ஆர். எண், அடுத்த வாய்தா தேதி. பத்தாவது படிக்கும் பிள்ளை எழுதினாலும் போதும். ஸ்டேஷன் ஏட்டுக்கு எதிரே வைக்க நம் கையிலும் ஒரு ஏடு இருக்க வேண்டும்.