மாணிக்கக் குழியும் ஆதியாகமமும்

மனிதன் எப்போது தோன்றினான்? எங்கிருந்து வந்தான்? இவ்வினாக்களுக்குச் சமயம் ஒரு விடையும் விஞ்ஞானம் ஒரு விடையும் தந்துள்ளன. சபரகமுவை மண்ணும் ஒரு விடை தருகின்றது.

1650இல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், வேதாகமத்து வமிச வரலாறுகளைக் கணக்கிட்டு, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டதென முடிவு கட்டினார். அக்கணக்கு ஆங்கில வேதாகமங்களின் பக்க ஓரங்களிலும் அச்சேறியது. இலங்கையின் மலைத்தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் புரியத் தமிழ்க் கூலி மிஷன் 1854இல் எழுந்தது. ஐந்தே ஆண்டுகளில் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ லண்டனில் வெளிவந்து, அஷரின் கணக்கை மேலும் ஆட்டங்காணச் செய்தது.

இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில், ‘இல்லம’ எனச் சிங்களத்தில் வழங்கும் கூழாங்கற் படையிலிருந்து, இன்று இலங்கைக் காடுகளில் இல்லாத நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் வெளிப்பட்டன. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. இ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்தார். அவர் மகன் சிரான் தெரணியகல, 1970களின் பிற்பகுதி முதல், குருவிட்டைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென குகையையும் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையின் பெலிலென குகையையும் அகழ்ந்தார். மனித எலும்புகளும் நுண்கற் கருவிகளும் கிட்டின. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மக்கள் வேட்டையாடியும் காட்டுக் கொட்டைகளைச் சேர்த்தும் வாழ்ந்தனர் என்பது துணியப்பட்டது.

இதனால் கிறிஸ்தவ விசுவாசம் வீழ்ந்துவிட்டதா? இல்லை. 1884இல் ஒக்ஸ்போட் விரிவுரைகளில் பரிணாமத்தை ஏற்றுப் பேசிய பிரெடரிக் டெம்பிள், 1896இல் கன்ரபரிப் பேராயரானார். மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை, ஆன்மாவோ இறைவனால் நேரே படைக்கப்படுவது என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இல் எழுதினார். அக்கொள்கை வெறும் ஊகத்தினும் மேலானது என்பதை 1996இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் ஒப்பினார்.

காலக்கணக்கில் முரண்பட்ட இருவரும் ஓர் உண்மையில் ஒன்றுபடுகின்றனர். மாந்தர் யாவரும் ஒரே பெற்றோரின் மக்கள் என்றது ஆதியாகமம். யாவரும் ஆபிரிக்காவில் தோன்றிய ஒரே இனத்தின் கிளைகள் என்கிறது விஞ்ஞானம். ஆயினும் நடந்ததென்ன? ஞாயிறன்று ஆதாமின் கதையைக் கேட்ட துரைமார், திங்களன்று ஆதாமின் மக்களை லயன் காம்பராக்களில் அடைத்து வேலை வாங்கினர். சுதந்திர இலங்கையோ 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால், தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்தைக் கேட்டு, தேயிலையும் இறப்பரும் வளர்த்த மக்களை நாடற்றோராக்கியது.

ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்வரை இலங்கை இந்தியாவுடன் நிலத்தால் இணைந்திருந்தது. குகை மனிதனின் முன்னோரும் வெளியிலிருந்து வந்தவரே. முந்தி வந்தவன், பிந்தி வந்தவன் என்ற வேறுபாடு உரிமைக்கு அளவுகோலாகுமா?

ஆசிரிய நண்பர்களே! எண்ணும் எழுத்துமே போதுமென நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்தம் வேதத்தைப் பழிக்க வேண்டாம். விஞ்ஞானத்தை மறைக்கவும் வேண்டாம். குருவிட்டைக் குகையின் வரலாற்றை அவர்களுக்குக் கற்பிப்போம். எவருக்கும் தாழ்ந்த வழியில் தாம் பிறக்கவில்லை என்பதை அவர்கள் அறியட்டும்.