கர்சர்

லத்தீனில் 'ஓடு' என்று பொருள்படும் 'குர்ரெரே' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் இது. கர்சர் என்றால் ஓடுபவன். ஸ்லைடு ரூலில் நகரும் கண்ணாடித் துண்டுக்கும், பின்னாளில் கணினித் திரையில் துடிக்கும் கோட்டுக்கும் இதே பெயர்தான். தரவுத்தளத்திலோ, வினவலின் விடைகளில் எந்த வரி வரை வந்தோம் என்று காட்டும் கைப்பிடி.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கும் குன்னூரில் இன்று விலை கேட்பது கணினி வழியே. அப்படியோர் ஏலத்துக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். லாட் (ஏலத் தொகுதி) எண் மட்டும் மாற, 'இதன் உயர்ந்த விலை என்ன?' என்ற ஒரே வினவல் ஓயாமல் ஓடும். ஒவ்வொரு அழைப்பிலும் கர்சரைத் திறந்து, வினவலைப் பாகுபடுத்தி, மூடுவது வீண் உழைப்பு.

ஆரக்கிள் தரவுத்தளத்தின் நிரல்மொழியான பிஎல்/எஸ்கியூஎல் இதற்கு அருமையான ஏற்பாடு வைத்திருக்கிறது. வினவலை ஓட்டும் புரொசீஜர் (நிரல் பகுதி) 'மூடு' என்று சொன்னாலும், கர்சரை உள்ளுக்குள் திறந்தே வைத்திருந்து அடுத்த அழைப்புக்குத் தருகிறது. இடம் தேவைப்பட்டால் தானே விடுவிக்கிறது. லாட் எண்ணை வினவலுக்குள்ளேயே ஒட்டி எழுதினால் மட்டும் ஒவ்வொன்றும் புது வினவலாகி, பலன் போய்விடும். வினவலில் இடம் மட்டும் விட்டு, எண்ணைத் தனியே தரும் பைண்ட் மாறியாகக் கொடுப்பதே முறை.

ஆனால், அது தானே விடுவிப்பது 'மூடு' என்று சொல்லப்பட்ட கர்சர்களை மட்டுமே. ஆகவே, நீங்கள் திறந்த கர்சரை நீங்களே மூடுங்கள். மூடாமல் விட்டவை வரம்பைத் தாண்டினால் ஓஆர்ஏ-01000 பிழை வந்து நிற்கும்.