ஐந்து கோடுகளும் அரைப்படி நெல்லும்: தஞ்சையிலிருந்து இளையராஜாவை வாசித்தல்



2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் தமிழ்நாட்டில் வேறு பேச்சே இல்லை. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இறையருள் என்றன, பிறவி மேதை என்றன, பூர்வ ஜென்ம வாசனை என்றன. அவரும் பெரும்பாலும் அப்படித்தான் பேசுகிறார்: நான் செய்யவில்லை, அது நடக்கிறது என்று. நம் பக்கத்திலோ 'நம்ம ஆள்' என்ற பெருமிதம். இந்த இரண்டு பேச்சிலும் ஒரு எளிய கேள்வி விடுபட்டுப்போனது. அவர் யாரிடம் கற்றார், எத்தனை ஆண்டுகள் கற்றார், அதற்கு என்ன விலை கொடுத்தார்? ஒரு தச்சரைப் பற்றியோ மருத்துவரைப் பற்றியோ பேசினால் இதைத்தான் முதலில் கேட்போம்.

இளையராஜா காவிரிக் கரைக்காரர் அல்ல. தேனிப் பக்கம் பண்ணைப்புரம். பிறகு எதற்குத் தஞ்சாவூரில் நின்று அவரைப் பற்றிப் பேசுவது? காரணம் இருக்கிறது. அவர் கையாண்ட மூன்று பொருள்களுக்கும், அதாவது மேலை இசைக்கும் கர்நாடக இசைக்கும் பறைக்கும், இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. மூன்றும் ஒன்றையொன்று தொடாதபடி பார்த்துக்கொண்ட வரலாறும் இந்த மண்ணுடையதுதான்.

மேலை இசை தஞ்சாவூருக்குப் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி, ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவர். அவருடைய அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியங்களை வாசிக்கும் பேண்டு இருந்தது. ஐந்து கோடுகளில் எழுதப்பட்ட இசைத்தாள்கள் வந்து சேர்ந்தன; சரஸ்வதி மகால் நூலகத்தில் அவை இருக்கின்றன. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினைக் கைக்கொண்டு அதைக் கர்நாடக இசையின் துணையாக்கியதும் இதே காலத்தை ஒட்டித்தான். நூறாண்டு கழித்து, இதே ஊரில் சித்த மருத்துவம் பார்த்துவந்த ஆபிரகாம் பண்டிதர், 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். சொந்தப் பணத்தில் மாநாடுகள் நடத்தினார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' நூலை வெளியிட்டார். மேலை இசையும் அறிந்த அந்தக் கிறித்தவர், சுருதிகள் 22 என்ற வடமொழி மரபின் கணக்கை மறுத்து 24 என்று வாதாடினார். தமிழிசையின் வரலாற்றை அவர் கணக்குப் போட்டு நிறுவ முயன்றதற்கே தனியாக ஒரு சொற்பொழிவு வைக்கலாம்.

அரண்மனையிலிருந்து ஒரு மைல் தள்ளி வயலுக்குப் போனால் வேறு ஒலி. நடவுக்குப் பாட்டு, சாவுக்குத் தப்பு, திருவிழாவுக்கு ஊருக்கு வெளியே தப்பு. பறை அடிப்பது இங்கே கலை என்று பெயர் பெறவில்லை. அது பண்ணையாளின் கடமைகளில் ஒன்று. களத்துமேட்டில் அளந்து போடும் நெல்லுக்குள் அந்த அடியும் அடக்கம். அரண்மனைக்கு வந்த இசைத்தாளில் ஒன்றுகூடச் சேரியின் பக்கம் வரவில்லை. சேரியின் தாளத்தில் ஒன்றையாவது அந்தத் தாளில் எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

கோயிலுக்குள் நாகசுரம் வாசித்த இசை வேளாளருக்கே இங்கு மரியாதை எளிதில் கிடைக்கவில்லை. மேடையில் அமர்ந்து வாசிக்கவும் சட்டை போட்டுக்கொள்ளவும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போராட வேண்டியிருந்தது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள், அதே இடத்தில் பெண்கள் பாடுவதற்குத் தனியாகச் சண்டை போட்டார். 1940களின் தமிழிசை இயக்கத்தையும் இந்தக் கண்ணோடுதான் நான் பார்க்கிறேன். சபையில் தெலுங்கா தமிழா என்று அது கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் சபைக்குள் பறை உண்டா என்று அது கேட்டதாகத் தெரியவில்லை.

இனி பண்ணைப்புரத்துக்கு வருவோம். 1943இல் பிறந்தார். ஏறக்குறைய 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு கிளம்பினார். வரதராஜன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடியது இன்றும் பேசப்படுகிறது. மாட்டு வண்டி, லாரி, கிடைத்த திண்ணையில் தூக்கம், விடிய விடியக் கச்சேரி. காவிரிப் படுகையில் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகச் செங்கொடி ஏறிய கதை நமக்குத் தெரியும். அதே கொடிக்குக் கீழே, வேறொரு மாவட்டத்தில், இந்த இளைஞனின் கை ஆர்மோனியத்தில் பழகியது. கூட்டத்தைக் கலையவிடாமல் உட்காரவைக்க எந்த மெட்டு வேண்டும் என்பதை எந்தக் கல்லூரியும் சொல்லித்தராது.

ஆர்மோனியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மிஷன் கோயில்களாலும் நாடகக் கம்பெனிகளாலும் ஊர் ஊராகப் பரவிய பெட்டி அது. பியானோவின் அதே கறுப்பு வெள்ளைக் கட்டைகள். தோளில் தூக்கிப்போகலாம், மின்சாரம் வேண்டாம். கமகம் வராது, சுருதி அந்நியம் என்று பண்டிதர்கள் பழித்தார்கள். அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. ஏழையின் பியானோவை அரசு வானொலி 30 ஆண்டுகள் வாசலில் நிறுத்திவைத்திருந்தது. பிறகு தமிழ்நாட்டின் வானொலிகளெல்லாம் யாருடைய இசையை நாள் முழுக்க ஒலிபரப்பினவோ, அவர் அந்தப் பெட்டியில் கற்றவர்.

1960களின் கடைசியில் அவர் சென்னைக்கு வந்தார். வெண்மணியில் அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த 1968 டிசம்பர் 25ஐ ஒட்டிய காலம் அது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்தார். பியானோ, இசைக்குறியீட்டைப் பார்த்து வாசிப்பது, பல குரல்களை ஒரே நேரத்தில் நடத்துவது, பாக், மொசார்ட், பீத்தோவன் எழுதியவற்றைப் பிரித்துப் பார்ப்பது என்று பாடம் நடந்தது. லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். பகலில் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கிதார், காம்போ ஆர்கன் வாசித்தார். 'அன்னக்கிளி' 1976இல் வந்தபோது அவருக்கு வயது 32. முதல் படத்துக்கு முன்னால் ஏறக்குறைய 18 ஆண்டு வேலை இருக்கிறது. 'ஒரே இரவில் புகழ்' என்று எழுதுகிறவர்கள் இந்தப் 18 ஆண்டுகளைத்தான் விழுங்கிவிடுகிறார்கள்.

சமூகவியல் மாணவனாக எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பாடத்தின் முறை. கர்நாடக இசையைக் குருவின் வீட்டில் கற்க வேண்டும். வீட்டுக்குள் நுழைய வேண்டும், திண்ணையில் உட்கார வேண்டும், தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். அங்கே முதல் பாடமே சாதிதான். ஐந்து கோட்டு இசைத்தாளுக்கு வீடு இல்லை. பணம் கொடுத்துப் பாடம் கேட்கலாம், பழைய புத்தகக் கடையில் வாங்கலாம், இரவில் தனியாக உட்கார்ந்து படிக்கலாம். சென்னை ஸ்டுடியோக்களில் அந்த எழுத்து தெரிந்தவர்களில் கிறித்தவர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் நிறைய இருந்தார்கள். அங்கு கேட்கப்பட்டது, தாளைப் பார்த்ததும் வாசிப்பாயா என்பதே. இதைச் சொல்வதால் மேலை இசையைச் சாதியற்ற சொர்க்கம் ஆக்கவில்லை. அதற்குப் பின்னால் காலனி உண்டு, திருச்சபைக்குள்ளேயே சாதிச் சுவர்கள் உண்டு, ஐரோப்பாவின் வர்க்கம் உண்டு. ஆனாலும் அக்கிரகாரத்தின் வழியாகப் போகாத ஒரு பாதை அது. அம்பேத்கருக்குக் கொலம்பியாவும் லண்டனும் திறந்த பாதையோடு இதை அளவில் ஒப்பிட முடியாது. இருந்தும் இரண்டும் ஒரே வகையான பாதை என்றே நான் நினைக்கிறேன்.

அந்த எழுத்தைக் கொண்டு அவர் செய்த வேலையை ஸ்டுடியோவில் நேரில் பார்த்த கலைஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். காட்சியைப் பார்ப்பார், வாத்தியத்தைத் தொடாமலே ஒவ்வொரு வயலினுக்கும் செல்லோவுக்கும் புல்லாங்குழலுக்கும் என்ன வரவேண்டும் என்று எழுதிக்கொண்டே போவார், பிரதி எடுப்பவர்கள் பிரித்து எழுதுவார்கள், சில மணி நேரத்தில் ஒலிப்பதிவு. 1980களில் சில ஆண்டுகளில் 40க்கும் மேற்பட்ட படங்கள். அருளுக்கு ஓய்வு நாள் உண்டோ என்னவோ, இந்த வேலைக்கு இல்லை.

1986இல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டு வந்தது. அதைப் பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கினார். தியாகராஜர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்; திருவையாறு இங்கிருந்து 13 கிலோமீட்டர்தான். பாக், லைப்சிக் நகரத் தேவாலயங்களில் நகராட்சியின் கீழே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். ஞாயிறு தவறாமல் புது இசை எழுதிக் கொடுத்தாக வேண்டிய தொழிலாளி. இந்த இருவரையும் ஒரே வீட்டில் சந்திக்கவைத்தார் இளையராஜா. வி.எஸ். நரசிம்மனின் வயலின் பாக்கின் பார்ட்டிட்டாவிலிருந்து கிளம்பி வேறெங்கோ போய்ச் சேரும். இணைவு இசை என்று எளிதாகப் பெயர் வைத்துவிடுவார்கள். என் காதில் விழுவது வேறு. திருவையாற்றின் பஞ்சரத்தினப் பந்தலில் இடம் கேட்டு நிற்காமல், தன் மேசையிலேயே தியாகராஜரை வரவழைத்துப் பேசும் துணிச்சல் அது.

அதற்கு முந்தைய ஆண்டு 'சிந்து பைரவி'. அதில் நாட்டுப்புறப் பாட்டு ஒன்று ஏறி ஏறித் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய்ச் சேர்கிறது. காம்போதியில் உள்ள கீர்த்தனையைச் சாரமதிக்கு மாற்றினார் என்று முணுமுணுப்பு எழுந்தது. படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. ராகத்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்விக்குள், தொடும் அதிகாரம் யாருக்கு என்ற பழைய கேள்வி ஒளிந்திருந்ததா? இருந்தது என்றே நினைக்கிறேன்.

தஞ்சைக்கே அவர் நேராக வந்தது பாலாவின் 'தாரை தப்பட்டை'யில், அவருடைய ஆயிரமாவது படம் என்று சொல்லப்பட்ட அதில். கதை நம் ஊர்க் கரகாட்டக் குழுவைப் பற்றியது. பின்னணி இசைக்குத் தேசிய விருது வந்தது. படத்தில் எனக்குக் கடும் மறுப்பு உண்டு. ஆடும் பெண்ணை அது வதைக்கும் விதத்தை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அந்த இசையில் தப்பும் தவிலும் நாகசுரமும் வயலின் கூட்டத்துக்கு ஊறுகாயாக வைக்கப்படவில்லை. அவைதான் சோறு. பறையை விட்டொழிப்பதா, மீட்டெடுப்பதா என்று நம் இயக்கத்துக்குள் பல ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையை எரித்தவர்களும் சரி, மேடையேற்றி விடுதலையின் குரலாக்கியவர்களும் சரி, இருவருமே எனக்குத் தோழர்கள். இளையராஜாவின் வேலை மூன்றாவதாக ஒன்றைக் காட்டுகிறது: அந்தத் தாளத்தை எழுத்தில் ஏற்றுவது, எழுதியவர் என்று தன் பெயரைப் போடுவது, அதற்கான கூலியைக் கேட்பது.

கூலி என்றதும் பதிப்புரிமை வழக்குகள் நினைவுக்கு வரும். தன் பாட்டைப் பாட அனுமதி வாங்கு, பணம் கொடு என்று அவர் கேட்டபோது எத்தனை கேலி! பேராசைக்காரர், திமிர் பிடித்தவர் என்றார்கள். சட்டப்படி எந்த உரிமை யாருக்கு என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். தயாரிப்பாளருக்கும் வாதம் உண்டு. அவர் இன்று கோடீஸ்வரர், வெண்மணிக் கூலிக்காரரோடு சேர்த்துவைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நான் கவனிப்பது கேலியின் மொழியை. 'இவனுக்கு இவ்வளவு கொடுத்தது போதாதா?' என்ற அந்தத் தொனி மிராசுதாரின் களத்துமேட்டில் அரைப்படி நெல் கேட்டபோது எழுந்த தொனிதான். அருள் என்றால் கூலி கேட்க முடியாது. உழைப்பு என்றால் கேட்கலாம். அவரைத் தெய்வமாக்குவதில் இப்படியும் ஒரு சௌகரியம் இருக்கிறது.

இங்கே அவரோடு நமக்குள்ள சிக்கலையும் பேசியாக வேண்டும். தன்னைத் தலித் என்று அழைப்பதை அவர் விரும்புவதில்லை. 2022 ஏப்ரலில் மோடியை அம்பேத்கரோடு ஒப்பிட்டு ஒரு நூலுக்கு முன்னுரை எழுதினார்; ஜூலையில் மாநிலங்களவை நியமனம் வந்தது. அந்த ஒப்பீட்டை நான் முழுமையாக நிராகரிக்கிறேன். 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டப வாசலில் அவர் நிறுத்தப்பட்ட காட்சி பரவியது. ஜீயர்களும் அர்ச்சகர்களும் தவிர யாருக்கும் அங்கே அனுமதி இல்லை என்று விளக்கம் தந்தார்கள்; அவரும் தன் சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் அல்ல, வதந்தியை நம்பாதீர்கள் என்றார். அவர் சொன்ன பிறகு அவருக்காக நாம் அழ வேண்டியதில்லை. ஆனால் இந்தக் காட்சியைப் பார்த்ததும் தமிழ்நாடு முழுவதும் ஏன் ஒரே பொருளைப் புரிந்துகொண்டது என்று கேட்கலாம். அடையாளத்தை அவர் மறுத்தாலும் பார்க்கிறவர்கள் மறப்பதில்லை. தன்னை என்ன பெயரில் அழைக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அவர் வாழ்க்கையைச் சாதிச் சமூகத்தின் வரலாற்றுக்குள் வைத்து எழுதும் கடமை நமக்கு உண்டு.

அந்த எழுத்து வேலைக்குத் தரவு வேண்டும். சரபோஜியின் பேண்டு வாசித்த தாள்கள் 200 ஆண்டுகளாகப் பத்திரமாக உள்ளன, ஏனென்றால் அது ராஜாவின் சொத்து. இந்த ராஜா எழுதிய ஆயிரம் படங்களின் தாள்கள் எங்கே, யார் கையில்? 2024 மே மாதத்தில் சென்னை ஐஐடியோடு சேர்ந்து அவர் பெயரில் இசைக் கற்றல் ஆய்வு மையம் அறிவிக்கப்பட்டது. நல்லது. அங்கே யார் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பதை முதல் ஆண்டிலிருந்தே நாம் கவனிக்க வேண்டும்.

அதுவரை இங்கே செய்ய வேலை இருக்கிறது. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கச் சேரிகளில் பேண்டு செட் வைத்திருக்கும் இளைஞர்கள், பழைய கீபோர்டு வாங்கி மாதாகோயில் ஆர்கனிஸ்ட்டிடம் பாடம் கேட்பவர்கள், தப்புக் குழு நடத்தும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று யாரிடமும் பட்டியல் இல்லை. இந்தக் குறுவை அறுப்பு முடிந்ததும் நம் மாணவர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். கேள்வித்தாள் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் கேள்வி, யாரிடம் கற்றீர்கள் என்பது. இரண்டாவது, ஒரு நாளுக்கு என்ன கூலி தருகிறார்கள் என்பது.